இமயம் கூப்பிடுகிறது... போகலாமா?

கோவையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "என் கணவருக்கு 44 வயது. பாங்க் உத்தியோகம். போன வருஷம் வரை மூணாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் வரமாட்டார். இப்போ என்னடான்னா, ஆபீஸ் சிநேகிதர்கள் நாலு பேரோட சேர்ந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரைக்கும் நடந்துட்டு வரப் போறாராம்! விடிகாலையில் ஓட்டம், சாயங்காலம் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடை. இது நல்லபடியா முடிஞ்சா அடுத்தது சிகரமாம். வேண்டாம்னு சொன்னா முகம் வாடிப் போகுது. சரின்னு சொல்ல வயித்தைப் பிசையுது. நான் என்ன பண்ணட்டும்?"

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வருவதெல்லாம் குழந்தை சாதம் சாப்பிட அடம் பிடிக்கிறது, மாமியாருக்கு மூட்டு வலி என்கிற ரகம்தான். இந்தத் தடவை பாருங்கள், மலையேற்றத்தைப் பற்றி ஒன்றல்ல, இரண்டு கடிதங்கள்! இன்னொருவர் கல்லூரியில் படிக்கும் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நேபாளத்தில் லுக்லா என்று ஒரு சிற்றூர். மலைச்சரிவில் ஒரு குட்டி விமானத் தளம். அங்கே இறங்கிவிட்டால் அப்புறம் பஸ் கிடையாது, கார் கிடையாது. கால்தான் வண்டி. பால் மாதிரி நுரைத்துக்கொண்டு ஓடும் தூத் கோசி ஆறு, அதன் மேல் ஆடும் கம்பிப் பாலங்கள், கழுத்து மணி குலுங்க எதிரே வரும் யாக் எருமைகள், தெங்போச்சே மடாலத்து வாசலில் நின்றால் கண் முன்னே அமா தப்லம் என்ற பனிச் சிகரம்... காலையில் எழுந்ததிலிருந்து ஒரே ஒரு வேலைதான். நடக்க வேண்டும். அப்புறம் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். அவ்வளவுதான்! ஒரே சமயத்தில் அடுப்பு, பள்ளிக்கூட வேன், தண்ணீர் லாரி, தொலைபேசி என்று நாலு பக்கமும் இழுபடும் நமக்கு இதைக் கேட்டாலே ஏக்கமாக இருக்கிறது அல்லவா? ஆபீஸில் இருபது வருஷம் கணக்குப் பார்த்தவருக்கு மட்டும் இருக்காதா?

இது ஆண்களின் ஆசை மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்த பெண் யார் தெரியுமோ? ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தாபெய். கிட்டத்தட்ட ஐந்தடிக்குள் அடங்கிவிடும் உருவம். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. 1975ஆம் வருஷம் பெண்கள் மட்டுமே சேர்ந்த ஒரு குழுவுடன் கிளம்பினார். பணம் கேட்டுப் போன இடத்திலெல்லாம் 'குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாதா?' என்ற பேச்சுதான். அம்மாள் அசரவில்லை. குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துக் காசு சேர்த்தார். கார் இருக்கை உறையை வெட்டி, தண்ணீர் புகாத கையுறை தைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் மிஞ்சிய ஜாம் பொட்டலங்களைக்கூட வாங்கிச் சேர்த்தார்கள். நம் வீட்டுச் சிக்கனம் மாதிரியே இல்லை?

மே 4ஆம் தேதி இரவு, கூடாரத்தின் மேல் பனிச்சரிவு விழுந்து மூடிவிட்டது. தாபெய் மயங்கிப் போனார். ஷெர்பாக்கள் தோண்டி வெளியே இழுத்தார்கள். நடக்கக்கூட முடியாமல் கிடந்தவர், பன்னிரண்டாம் நாள், மே 16ஆம் தேதி, ஆங் செரிங் என்ற ஷெர்பாவுடன் உச்சியில் நின்றார்!

பத்திரிகைகள் அவரை 'இல்லத்தரசி' என்று கொண்டாடின. நமக்குப் பெருமைதான். ஆனால் ஒரு விஷயம் அந்தப் பட்டத்தில் மறைந்து போயிற்று. அவர் பத்து வயதில் பள்ளிச் சுற்றுலாவாக முதல் மலை ஏறியவர். 1969இல் பெண்களுக்கென்றே மலையேற்றச் சங்கம் தொடங்கினார். 1970இல் அன்னபூர்ணா மூன்றாம் சிகரத்தை எட்டினார். எவரெஸ்டுக்குப் போகுமுன் அவர் பல வருஷங்கள் மலையிலேயே பாடம் படித்திருக்கிறார். 1984இல் ஏறிய நம் பச்சேந்திரி பால் முறையாகப் பயிற்சி பெற்றவர். 2023இல் தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண்ணாக ஏறிய முத்தமிழ்ச்செல்வியும் ஒரு நாள் காலையில் எழுந்து 'போய்விட்டு வருகிறேன்' என்று கிளம்பவில்லை.

சரி, அபாயம் எங்கே இருக்கிறது? மலை என்றாலே கால் தவறி விழுவதுதான் நம் மனசுக்கு வரும். அதுவும் உண்டு. ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்கு முதல் எதிரி கண்ணுக்கே தெரியாது. காற்று!

எங்கே போனாலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு ஏறக்குறைய 21 சதவீதம்தான். அது மாறாது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காற்று நீர்த்துப் போகிறது. ஒரு படி பாலில் இன்னொரு படி தண்ணீர் விட்ட மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில், ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு சென்னையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. 8,849 மீட்டர் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு.

இதைச் சமையலறையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். நம் ஊரில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அடிவார முகாமில் சுமார் 82 டிகிரியிலேயே கொதிக்கும். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர்தான். ஆனால் பருப்பு வேகாது! அதனால்தான் அந்த மலையில் பிரஷர் குக்கர் இல்லாமல் காரியம் நடப்பதில்லை. குக்கருக்கு ஒரு மூடி போட்டு அழுத்தத்தை ஏற்றிவிடலாம். மனுஷனுக்கு எந்த மூடியைப் போடுவது?

ஆனால் நம் உடம்பு லேசுப்பட்டதல்ல. நேரம் கொடுத்தால் அதுவே சரிசெய்துகொள்ளும். மூச்சு வேகமாகும்; இதயம் கூடுதலாக அடிக்கும்; சிறுநீர் அதிகம் போகும்; நாளாக நாளாக ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். இதற்கு அவசரமே கூடாது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், முதல் நாள் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடுதலான உயரத்தில் மறுநாள் இரவு தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தரம் ஒரே இடத்தில் தங்கிவிட வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. தூங்கும் உயரம்தான் கணக்கு என்பதைக் கவனியுங்கள். பகலில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இரவில் இறங்கி வந்து படுத்தால் நல்லதுதான்.

நம் ஊட்டி சுமார் 2,240 மீட்டர். லுக்லா 2,860. அங்கிருந்து இரண்டாம் நாளே வரும் நாம்சே பஜார் 3,440. டிங்போச்சே 4,410. ஆகவே லுக்லாவிலிருந்து அடிவார முகாமுக்கு எட்டு நாளாவது வைத்துக்கொண்டு, நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் தங்கிப் போவதுதான் முறை. "நாங்க அஞ்சே நாள்ல கூட்டிட்டுப் போறோம், ரேட்டும் கம்மி" என்று ஒருவர் விளம்பரம் செய்தால், குறைவது ரூபாய் மட்டுமல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் தலைவலி வரும். கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி, ராத்திரித் தூக்கமின்மை. மசக்கை மாதிரியே இருக்கும் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். 'வெயில்ல நடந்தேன், அதான்', 'ராத்திரி சாப்பிட்டது சேரலை' என்று ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். மலை மேல் தலைவலியுடன் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், வேறு காரணம் நிச்சயமாகத் தெரிகிற வரை உயர நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே தங்கி ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். அது சரியாகாமல் ஒரு அடிகூட மேலே ஏறக் கூடாது.

ஏறினால்? இரண்டு விபரீதங்கள் உண்டு. ஒன்று, மூளை நீர் கோத்து வீங்குவது. ஆள் குழறுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார், குடித்தவர் மாதிரித் தள்ளாடுவார். இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. தரையில் நேர்கோடு மாதிரி, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். தடுமாறினால் அந்த நிமிஷமே இறக்க வேண்டும். ராத்திரி என்று பார்க்கக் கூடாது, பனி என்று பார்க்கக் கூடாது. இரண்டாவது, நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்கும்; வறட்டு இருமல் வரும்; உதடும் நகமும் நீலம் பாயும்; கடைசியில் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். பிராணவாயு உருளை, ஊசி மருந்து, நோயாளியை உள்ளே வைத்துக் காற்றடிக்கும் பை எல்லாம் உண்டுதான். அவை நேரம் வாங்கித் தரும். கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

இதில் ஒரு விந்தை பாருங்கள். திடகாத்திரமானவருக்கு இது வராது என்றில்லை! தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிற இளைஞன் விறுவிறுவென்று ஏறி, சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். மூச்சு வாங்கி, நின்று நின்று வரும் அறுபது வயதுப் பாட்டி நன்றாக இருப்பாள். ஓட்டமும் மாடிப்படியும் காலுக்கு உரம் தரும். உயரத்துக்குக் கேடயம் ஆகாது. கோவைச் சகோதரியின் கணவர் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

அசிடஸோலமைடு என்று ஒரு மாத்திரை உண்டு. உடம்பு உயரத்துக்குப் பழகுவதைத் துரிதப்படுத்தும். விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும். அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எல்லாரும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிநேகிதர் ஒருவர் வாங்கினார் என்று கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிற சமாசாரம் அல்ல. தூக்க மாத்திரையும் மதுவும் மேலே அறவே வேண்டாம். மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

இதுவரை சொன்னது அடிவாரத்துக்கு. அங்கிருந்து சிகரம் என்பது இன்னொரு உலகம். 8,000 மீட்டருக்கு மேலே 'மரண மண்டலம்' என்றே பெயர். அங்கே உடம்பு எதற்கும் பழகாது. நிமிஷத்துக்கு நிமிஷம் தேய்ந்துகொண்டே இருக்கும். தூக்கம் இராது, ஜீரணம் இராது. எல்லாவற்றையும்விட மோசம், புத்தி மழுங்கிவிடும். 'திரும்புவோமா, போவோமா' என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில், தீர்மானிக்கிற மூளைக்கே பிராணவாயு பற்றாது!

முன்பெல்லாம் மலையே கதி என்று கிடந்தவர்கள்தான் அங்கே போனார்கள். 1990களிலிருந்து, பணம் கட்டினால் வழிகாட்டி கூட்டிக்கொண்டு போகும் ஏற்பாடு பெருகிவிட்டது. 2019 மே மாதம் உச்சிக்குக் கீழே ஜனங்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்ற புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பருவத்தில் மட்டும் 11 பேர் மாண்டார்கள். நேபாள அரசு அனுமதிக் கட்டணத்தை 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக 2025 செப்டம்பரில் உயர்த்தியது. வழிகாட்டி, ஷெர்பா, பிராணவாயு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு வீடு கட்டும் செலவு. வீட்டை விற்று, கடன் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டுக் கடைசி நூறு மீட்டரில் 'திரும்பு' என்றால் மனசு கேட்குமா?

1996 மே 10ஆம் தேதி நடந்தது இதுதான். அன்றைக்குத் தெற்குப் பக்கத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உச்சிக்குக் கிளம்பினார்கள். நியூஸிலாந்துக்காரர் ராப் ஹால் ஒரு குழுவுக்குத் தலைவர், அமெரிக்கர் ஸ்காட் ஃபிஷர் இன்னொன்றுக்கு. இருவரும் மகா அனுபவசாலிகள். அவர்களை நம்பி வந்தவர்களில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, தபால் ஊழியர் உண்டு. ஹாலின் குழுவில் ஆளுக்கு 65,000 டாலர் கட்டணம். பிற்பகல் ஆகிவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. பகலிலேயே இறங்கி வந்து சேர வேண்டும் அல்லவா? கயிறு கட்டுவதில் தாமதம், குறுகலான இடத்தில் நெரிசல். நேரம் ஓடியது. இரண்டு மணிக்குப் பிறகும் ஆட்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

தபால் ஊழியர் டக் ஹேன்ஸன் முந்தின வருஷமே வந்து, உச்சிக்கு அருகில் ஹால் திருப்பி அனுப்பியவர். இராவேலை பார்த்துப் பணம் சேர்த்து மறுபடியும் வந்திருந்தார். இந்தத் தடவை அவர் உச்சியைத் தொட்டபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. ஹால் அவருக்காகக் காத்திருந்தார். சிரமப்பட்டுச் சேர்த்த காசு, ஒரு தடவை கிட்டே வந்து இழந்த ஏமாற்றம்... அவரை மறுபடி திருப்பி அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்? அதற்குள் பனிப்புயல் வந்துவிட்டது. இருவரும் இறங்கவில்லை.

மறுநாள் ஹால் இன்னும் உயிருடன், உச்சிக்குச் சற்றுக் கீழே, நகர முடியாமல் கிடந்தார். அடிவாரத்தில் இருந்தவர்கள் கம்பியில்லாக் கருவியைத் தொலைபேசியோடு இணைத்து, நியூஸிலாந்தில் இருந்த அவர் மனைவி ஜேன் ஆர்னால்டைப் பேச வைத்தார்கள். அந்த அம்மாள் ஒரு டாக்டர். மூன்று வருஷம் முன்னால் கணவரோடு எவரெஸ்ட் ஏறியவர். எனவே அந்த இடத்தில் ஒரு ராத்திரி கழித்தவன் கதி என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்போது ஏழு மாத கர்ப்பிணி. கவலைப்படாதே என்று இவர் அவருக்கும், தைரியமாக இரு என்று அவர் இவருக்கும் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது.

அதே புயலில் ஃபிஷரும் மாண்டார். ஜப்பானிலிருந்து வந்த 47 வயது யாசுகோ நம்பா, தாபெய்க்குப் பிறகு எவரெஸ்ட் ஏறிய இரண்டாவது ஜப்பானியப் பெண், உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில், கூடாரங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் விழுந்து இறந்தார். வடக்குப் பக்கம் நம் இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினர் மூவர். மொத்தம் எட்டுப் பேர்.

பிழைத்தவர் ஒருவர் கதையைச் சொல்ல வேண்டும். பெக் வெதர்ஸ், டெக்ஸாஸில் நோயியல் டாக்டர், 49 வயது. கண்ணாடி போடாமல் இருப்பதற்காகக் கருவிழியில் கீறிச் செய்யும் பழைய ரக அறுவை செய்துகொண்டிருந்தார். அந்தக் கண் உயரத்தில் வடிவம் மாறிப் பார்வை மங்கிவிட்டது. வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். புயலில் மாட்டி, 'இனி இவர் பிழைக்க மாட்டார்' என்று விடப்பட்டார். வீட்டுக்கும் இறந்துவிட்டதாகச் செய்தி போய்விட்டது. மறுநாள் மனுஷர் தானாக எழுந்து, விறைத்த கையை நீட்டியபடி முகாமுக்குள் நடந்து வந்தார்! இறந்த செய்தி வந்த அதே தினத்தில் உயிரோடிருக்கிற செய்தியும் வர, அவர் மனைவி பீச் தொலைபேசியை எடுத்தார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் கூப்பிட்டு உலுக்கி, ஹெலிகாப்டர் ஏற்பாடு நடக்கச் செய்தார். நேபாள ராணுவத்தின் மதன் கே.சி. என்ற விமானி, அதுவரை யாரும் அதிகம் துணியாத உயரத்தில் இறக்கிக் காப்பாற்றினார். வெதர்ஸுக்கு வலக்கை முழங்கைக்குக் கீழே போயிற்று, இடக்கை விரல்கள் போயின, மூக்கும் போயிற்று.

பின்னால் அவர் எழுதிய புத்தகத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அவருக்கு நெடுநாளாக மனச்சோர்வு நோய். மலையில் இருக்கும்போது மட்டும் அது தெரியவில்லை. அதனால் ஒன்று முடிந்தால் அடுத்த மலை. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதே மறந்து போயிற்று. அந்த அம்மாள் இந்தப் பிரயாணம் முடிந்ததும் பிரிந்துவிடுவது என்றே தீர்மானித்திருந்தாராம். பிரியவில்லை. நான் இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், ஆசைக்குப் போகிறவர் வேறு, ஓடிப்போகிறவர் வேறு. பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். இரண்டாவது ரகமானால், பயண ஏற்பாட்டுக்காரரைப் பார்க்குமுன் நல்ல மனநல டாக்டரைப் பார்ப்பதுதான் தேவலை.

அந்த 1996லேயே இன்னும் சிலர் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஹாலின் குழுவிலேயே ஸ்டூவர்ட் ஹட்சிஸன், ஜான் டாஸ்க், லூ கஸிஷ்கே என்ற மூவர், முன்னால் நின்ற நெரிசலைப் பார்த்து நேரக் கணக்குப் போட்டு, மத்தியானத்துக்கு முன்பே 'போதும்' என்று இறங்கிவிட்டார்கள். அதே 65,000 டாலர் கொடுத்தவர்கள்தான். மூவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த கோரன் க்ரோப் என்ற இளைஞர், ஊரிலிருந்து நேபாளம் வரை சைக்கிளிலேயே வந்தவர், அடேயப்பா! மே 3ஆம் தேதி உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே நின்று, நேரமாகிவிட்டது என்று திரும்பினார். அந்த முடிவை ராப் ஹாலே மெச்சினார் என்பதுதான் வேதனை. க்ரோப் மூன்று வாரம் கழித்து மறுபடி போய் ஏறிவிட்டார். என்னைக் கேட்டால், மாலை போட வேண்டியது மே 3ஆம் தேதிக்குத்தான்.

நம் வீட்டு மனிதர் ஆசைக்காகப் போகிறார். அவர் மூட்டையைச் சுமப்பவர் வயிற்றுக்காகப் போகிறார். அவருக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். 2014 ஏப்ரல் 18ஆம் தேதி கும்பு பனியாற்றில் பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் மடிந்தார்கள். மற்றவர்கள் ஏறுவதற்காகச் சாமான் தூக்கிப் போனவர்கள் அவர்கள். அரசு முதலில் அறிவித்த உதவித் தொகை 40,000 நேபாள ரூபாய். ஏறக்குறைய 400 டாலர். ஊரே கொதித்தது. ஆகவே மலிவாக ஏற்பாடு செய்கிறவரிடம் 'சுமக்கிறவருக்குக் கம்பளி உண்டா, இன்ஷூரன்ஸ் உண்டா, உடம்புக்கு வந்தால் இறக்கி வருவீர்களா?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், உங்கள் ஆளையும் அப்படித்தான் கவனிப்பார்கள்.

கோவைச் சகோதரிக்கு என் யோசனை: அடிவார முகாம்தானே? போகட்டும். நீங்களும் கூடப் போனால் இன்னும் நல்லது! போகுமுன் டாக்டரிடம் இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஏதாவது சின்ன மலையில் நடந்து பழகட்டும். எட்டு நாளுக்குக் குறையாத திட்டமாகப் பாருங்கள். கையில் இரண்டு நாள் மிச்சம் இருக்கட்டும். அந்த உயரத்துக்கு ஹெலிகாப்டர் மீட்பு வரை செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி, பத்திரத்தின் நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஃபெரிச்சே என்ற இடத்தில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் பருவ காலத்தில் நடக்கிறது. அங்கே டாக்டர்கள் உயர நோய் பற்றிப் பேசுவதை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகட்டும். சிகரப் பேச்சு? அதற்கு முறையான பயிற்சி வேண்டும். டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தர்காசியில் நேரு நிறுவனம் இரண்டிலும் அடிப்படைப் பயிற்சி உண்டு. பல வருஷப் பழக்கம் வேண்டும். அதைச் செய்யத் தயாரானால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

அவர் கிளம்புமுன் நீங்களே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: "பாதியில திரும்பி வந்தா நான் யார்கிட்டயும் சொல்லிக் காட்ட மாட்டேன். அக்கம்பக்கத்தில் சிரிச்சா நான் பாத்துக்கறேன்." ஆபீஸில் கேக் வெட்டி வழியனுப்பியாயிற்று, எப்படித் திரும்புவது என்கிற வெட்கம்தான் பல பேரைத் தலைவலியோடு மேலே தள்ளுகிறது. நாம்சேயிலிருந்து போன் வரும். "எவ்வளவு தூரம் போயாச்சு?" என்று கேட்காதீர்கள். "தலை வலிச்சுதா? ராத்திரி தூங்கினீங்களா? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். எப்போதும் ஒரு பிடி பிடிக்கிறவர் "பசியே இல்லை" என்றால், "இன்னிக்கு அங்கேயே இருங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பேச்சு குழறினால் வழிகாட்டியிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கும், தானே போக நினைக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். பிராணவாயுவைச் சுமக்கும் கூடை அதுதான். நம் பெண்களில் எத்தனை பேருக்குக் கூடை பாதிதான் இருக்கிறது! கீரை, பேரீச்சை, டாக்டர் சொன்னால் இரும்புச் சத்து மாத்திரை என்று மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். உயரத்தில் ரத்தம் கெட்டிப்படும் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள் இந்த உயரங்களுக்கு இப்போது போக வேண்டாம். மலை எங்கும் ஓடிப் போகாது.

'எனக்கு எவரெஸ்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்' என்கிறவர்களும் கவனிக்க வேண்டும். கைலாச யாத்திரையில் வலம் வரும்போது தாண்டுகிற டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே. எவரெஸ்ட் அடிவார முகாமைவிட உயரம்! அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் நம் அப்பா, அம்மா வயதுக்காரர்கள். பக்திக்குக் குறைவில்லை; ஆனால் நுரையீரலுக்கு அது தெரியாது. மேலே சொன்ன தலைவலிக் கணக்கும் குதிகால் நடையும் அவர்களுக்கும் பொருந்தும். லே நகரமோ 3,500 மீட்டர். காலையில் டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே. உடம்புக்குச் சொல்லாமலே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் அறையிலேயே இருங்கள். மாடிப்படிகூட மெதுவாக. கைக்குழந்தை இருந்தால் டாக்டரைக் கேட்டபிறகே டிக்கெட். தலை வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் சிணுங்கும், பால் குடிக்காது, விளையாடாது, தூங்காது. விமானக் களைப்பு என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள். டாக்டர் சொன்னால் அடுத்த விமானத்திலேயே இறங்கிவிடுங்கள்.